பி.டி.டி அழுத்தினால் ரிக் அணைகிறதா? ஹாம் நிலையத்தின் பவர் சப்ளைக் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

"மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன், 13.8 வோல்ட் கச்சிதமாக வருகிறது, சப்ளையில் ஒன்றும் இல்லை" என்று சொல்லும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான்: அளக்கும்போது பி.டி.டி (பேசுவதற்கு அழுத்தும் பொத்தான்) அழுத்தியிருந்ததா? பெரும்பாலும் இருந்திருக்காது. 100 வாட் எச்.எஃப் ரிக் (சிற்றலையில் அனுப்பவும் கேட்கவும் ஹாம்கள், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்கள், வைத்திருக்கும் பெட்டி) சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்று, ஒன்றரை ஆம்பியர் எடுக்கும். முழு பவரில் அனுப்பும்போது 20 முதல் 22 ஆம்பியர் இழுக்கும். கோளாறு முகம் காட்டுவது அந்த இருபதில்தான். லோடு இல்லாமல் பார்த்த 13.8 எதையும் நிரூபிப்பதில்லை.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு ஃபியூஸ் ஹோல்டர். மைக்கில் பேச ஆரம்பித்ததும் ரிக் அணைந்து அணைந்து எரிந்தது. சப்ளையைத் திறந்தேன், ரெகுலேட்டர் ஐ.சியை மாற்றினேன், பெரிய கபாசிட்டரை மாற்றினேன், ஒரு வாரம் போனது. கடைசியில் டி.சி ஒயரை ஓரமாக ஒதுக்கும்போது ஃபியூஸ் ஹோல்டர் கையில் பட்டுச் சுட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்த ஸ்பிரிங் சூட்டில் நீலம் பாய்ந்து, பிடிப்பே இல்லாமல் தளர்ந்துபோயிருந்தது. மாற்ற ஐந்து நிமிடம். அன்றிலிருந்து என் வரிசை இது: முதலில் ஒயரும் கனெக்டரும், அப்புறம் ஆன்டெனா, பெட்டியின் மூடியைக் கழற்றுவது கடைசி வேலை.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், அதில் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பிடித்துவைக்கும் வசதி இருந்தால் நல்லது. ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்ட, ரிக்கின் முழு பவரைத் தாங்கும் 50 ஓம் டம்மி லோடு. நன்றாக சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி ஒன்று. இந்த மூன்றில் பேட்டரிதான் பெரிய உதவி. சப்ளையைக் கழற்றிவிட்டு ரிக்கை பேட்டரியில் ஓட்டினால் பாதி சந்தேகங்கள் அப்போதே தீர்ந்துவிடும்.

மூடியைத் திறப்பதற்கு முன் ஒரு விஷயம். 230 வோல்ட் மெயின்ஸில் ஓடும் எஸ்.எம்.பி.எஸ்ஸின் (ஸ்விட்சிங் வகை சப்ளையின்) முதன்மைப் பக்கக் கபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டி.சி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். அதை வடிக்கும் பிளீடர் ரெசிஸ்டர் அறுந்திருந்தால் நீண்ட நேரம். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்யும் வித்தை வேண்டாம். 2.2 கிலோ ஓம், 10 வாட் ஒயர்வுண்ட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு கால்களிலும் நன்றாக இன்சுலேட் செய்த ஒயரை சால்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 470 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் அதன் வழியே ஐந்தாறு நொடியில் வடிந்துவிடும். வடிந்ததா என்று மீட்டரில் பார்த்த பிறகே விரல் உள்ளே போகட்டும். குழாய் வால்வு வைத்த லீனியர் ஆம்ப்ளிஃபயரின் ஹை வோல்டேஜ் சப்ளை இந்தக் கட்டுரையில் இல்லை. அங்கே இருப்பது 2,000, 3,000 வோல்ட். தவறு செய்தால் திருத்திக்கொள்ள வாய்ப்பு கிடைக்காது.

அறிகுறி: பேசத் தொடங்கியதும் ரிக் அணைகிறது, அல்லது ரீசெட் ஆகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். எஸ்.எஸ்.பியில் (எச்.எஃப்பில் பேசும் முறை) குரலின் உச்சத்தில் டயல் விளக்கு மங்கும், அல்லது "ஹலோ" என்றதும் ரிக் அணைந்து மறுபடி எழும். பெரும்பாலான ரிக்குகளின் கையேட்டில் 13.8 வோல்ட், கூடக் குறைய 15 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது அடித்தளம் சுமார் 11.7. அதற்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் பிராசஸர் தடுமாறும்.

ஆன்டெனாவைக் கழற்றி டம்மி லோடைப் போடுங்கள். எஸ்.எஸ்.பியில் அளக்காதீர்கள், குரல் ஏறி இறங்குவதை மல்டிமீட்டரால் துரத்த முடியாது. சி.டபிள்யூ (மோர்ஸ்) அல்லது எஃப்.எம்மில் வைத்து, முழு பவரில் பத்து நொடி கேரியர் (குரல் இல்லாத தொடர் அலை) கொடுங்கள். அந்தப் பத்து நொடியில் இரண்டு இடத்தில் அளக்க வேண்டும்: சப்ளையின் டெர்மினலில் ஒரு முறை, ரிக்கின் பின்பக்கம் டி.சி ஒயர் செருகும் இடத்தில் ஒரு முறை.

சப்ளை முனையில் 13.7, ரிக் முனையில் 11.6 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். சப்ளை தன் வேலையைச் செய்கிறது. 2.1 வோல்ட் வழியில் காணாமல் போகிறது. அதை எங்கே தொலைத்தோம் என்று தேட மீட்டரை இன்னொரு விதமாகப் பிடிக்க வேண்டும். மீட்டரின் ஒரு புரோப் முள்ளை சப்ளையின் பிளஸ் டெர்மினலிலும், மற்றதை ரிக் முனையின் பிளஸ்ஸிலும் வையுங்கள். இப்போது மீட்டர் காட்டுவது அந்தப் பிளஸ் ஒயர் மட்டும் தின்னும் வோல்டேஜ். 1.65 என்கிறது. அதேபோல் மைனஸ் பக்கம்: 0.45. இரண்டும் ஒரே நீளம், ஒரே பருமன் கொண்ட ஒயர். அப்படியானால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். 0.45 என்பது ஒயரின் பங்கு, மீதி 1.2 வோல்ட் பிளஸ் பக்கம் எதிலோ போகிறது. அந்தப் பக்கத்தில் ஒயரைத் தவிர இருப்பது ஃபியூஸும் ஹோல்டரும். முள்ளை ஹோல்டரின் இரு பக்கமும் வைத்தால் 1.2 அங்கேயே நிற்கும். 20 ஆம்பியரில் 1.2 வோல்ட் என்றால் 24 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் அளவுக்குச் சூடு ஃபியூஸ் ஹோல்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது.

மைனஸ் ஒயரிலும் ஃபியூஸ் இருக்கும் ரிக்குகள் உண்டு. அப்போது இரண்டு ஹோல்டரையும் தனித்தனியே அளக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி கெட்டிருந்தால், பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் ஒப்பிடும் கணக்கு உங்களை ஏமாற்றிவிடும்.

ஹோல்டர் நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஒயரின் பருமன். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் ஒரு மீட்டருக்கு ஏழு மில்லி ஓமுக்கு மேல் காட்டும். சப்ளையிலிருந்து ரிக் 3 மீட்டர் தள்ளி இருந்தால் போக, வர 6 மீட்டர். 20 ஆம்பியரில் 0.9 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 6 சதுர மில்லிமீட்டர் என்றால் அதே தூரத்தில் 0.4 வோல்ட்டுக்குள் முடியும். ஒயரைத் தடிமனாக்குவதைவிட எளிய வழி, சப்ளையை ரிக் பக்கத்தில் நகர்த்தி ஒயரை வெட்டிக் குறைப்பது. சுருட்டி மேசைக்கு அடியில் போட்டிருக்கும் அந்த இரண்டு மீட்டர் உங்களுக்கு எந்த நன்மையும் செய்யவில்லை.

அப்புறம் கனெக்டர். பவர்போல் வகைக் கனெக்டர்களில் கிரிம்ப் (ஒயரை நெரித்துப் பிடிக்கும் இடம்) சரியில்லை என்றால் வெளியே ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றாகப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். இரண்டு நிமிடம் அனுப்பிவிட்டுத் தொட்டும் பாருங்கள். எது சுடுகிறதோ அதுதான் திருடன். சப்ளையின் பின்பக்கம் இருக்கும் முறுக்கு டெர்மினல்களும் காலப்போக்கில் தளரும். வெறும் ஒயரைச் சுற்றி முறுக்காமல் ரிங் லக் போட்டு இறுக்குங்கள்.

சரி, சப்ளை முனையிலேயே 13.8 சரிந்து 11க்குப் போகிறது என்றால்? அப்போதும் உடனே மூடியைக் கழற்ற வேண்டாம். பவரை 50 வாட்டுக்குக் குறைத்துப் பாருங்கள். 50 வாட்டில் நின்று, 80 வாட்டில் விழுகிறது என்றால் சப்ளை தன் கரண்ட் வரம்பைத் தொடுகிறது. முன்முகத்தில் பெரிதாக 30 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பார்கள்; கையேட்டைப் புரட்டினால் அது கொஞ்ச நேரம் தாங்கும் உச்சம், தொடர்ந்து தருவது 25 என்று சின்ன எழுத்தில் இருக்கும். வேறு வேலைக்காகச் செய்த 12 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ்ஸை வாங்கி ரிக்குக்குப் போடுபவர்கள், அதன் டிரிம்பாட்டை (வோல்டேஜை மாற்றும் குட்டித் திருகு) 13.8க்குத் திருப்ப மறந்துவிடுவதும் உண்டு. 12.0இல் தொடங்கும் வோல்டேஜில் ஒயர் அரை வோல்ட்டைத் தின்றால் 11.7க்குக் கீழே போக வேறு கோளாறே தேவையில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்த லீனியர் சப்ளை என்றால் மெயின்ஸ் பக்கத்தையும் பாருங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரின் முனையில் வைத்திருந்தாலோ, மெயின்ஸ் தாழ்ந்திருக்கும் நேரத்திலோ ரெகுலேட்டருக்கு வேண்டிய இடைவெளி வோல்டேஜ் கிடைக்காது. எஸ்.எம்.பி.எஸ் இதைப் பெரும்பாலும் சமாளித்துவிடும், லீனியர் சமாளிக்காது.

அறிகுறி: எஸ்.எஸ்.பியில் நன்றாக இருக்கிறது, எஃப்.டி.8 போட்டால் சில நிமிடத்தில் நிற்கிறது

இது சூடு. எஸ்.எஸ்.பியில் சொற்களுக்கு நடுவே சப்ளைக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். எஃப்.எம்மும், கம்ப்யூட்டர் வழி அனுப்பும் டிஜிட்டல் முறையான எஃப்.டி.8உம் அப்படியல்ல, அனுப்பும் வரை முழு கரண்ட்டும் நிற்காமல் ஓடும். ஃபேன் சுற்றுகிறதா, தூசி அடைத்திருக்கிறதா, காற்று போகும் துளையைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் நின்றால் பவரை 30, 40 வாட்டுக்கு இறக்குங்கள். எஃப்.டி.8க்கு அது தாராளம்.

அறிகுறி: டம்மி லோடில் ஒரு குறையும் இல்லை, ஆன்டெனாவில் மட்டும் தகராறு

இது வந்தால் எனக்கு நிம்மதி, ஏனென்றால் சப்ளை கெடவில்லை. ஏதோ ஒரு பேண்டில் மட்டும், அதுவும் பவரை ஏற்றினால் மட்டும் சப்ளை அணையும், மீட்டர் துள்ளும், மறுமுனையில் இருப்பவர் உங்கள் குரல் கரகரக்கிறது என்பார். கோக்ஸின் (ஆன்டெனா கேபிளின்) வெளித்தோல் வழியாக ஆர்.எஃப் (ரேடியோ அலைவரிசை மின்னோட்டம்) அறைக்குள் வந்து, ரிக்கின் உடலில் ஏறி, டி.சி ஒயரைப் பிடித்துக்கொண்டு சப்ளைக்குள் நுழைகிறது. அங்கே வெளியீட்டு வோல்டேஜை ஒப்பிட்டுப் பார்க்கும் சுற்று இந்த ஆர்.எஃப்பையும் வோல்டேஜ் என்று நம்பி ஏமாறுகிறது. ஒன்று வோல்டேஜைக் குறைக்கும், இல்லை ஏற்றும். ஏற்றினால் ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பு வேலை செய்து எல்லாவற்றையும் அணைக்கும்.

மருந்தைப் போட வேண்டிய இடம் ஆன்டெனா. ஃபீட் பாயிண்டில் (கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடத்தில்) நல்ல காமன் மோட் சோக், அதாவது கேபிளின் வெளிப்புறம் ஓடும் ஆர்.எஃப்பைத் தடுக்கும் சுருள், இருக்கிறதா? கவுன்டர்பாய்ஸ் (ஆன்டெனாவின் மறுபாதியாக நிற்கும் ஒயர்) இல்லாமல் அவசரத்துக்குக் கட்டிய எண்ட்-ஃபெட் (ஒரு முனையில் கேபிள் சேரும்) ஒயர்களிடம் இந்தக் குணம் அதிகம், கோக்ஸையே கவுன்டர்பாய்ஸாக்கிக்கொள்ளும். ஆன்டெனாவைச் சீர்செய்த பிறகும் மிச்சம் இருந்தால் டி.சி ஒயருக்கு ஃபெரைட் போடலாம். மிக்ஸ் 31 என்ற ஃபெரைட் வகையில் பெரிய டோராய்டு (வளையம்) ஒன்றில் ஐந்தாறு சுற்று. இதில் பலர் தவறும் இடம் ஒன்று உண்டு: பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் சேர்த்துப் பிடித்து ஒன்றாகச் சுற்ற வேண்டும். பிளஸ்ஸை மட்டும் சுற்றினால் 20 ஆம்பியர் டி.சி அந்த வளையத்தின் கோரைக் காந்தச் செறிவடையச் செய்துவிடும், பிறகு அது வெறும் அலங்கார வளையம்தான். இரண்டும் சேர்ந்து போனால் போகும் கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், கோர் ஆர்.எஃப்பை மட்டும் கவனிக்கும்.

சப்ளையின் பிளஸ், மைனஸ் டெர்மினல் இரண்டிலிருந்தும் சேஸிக்கு 0.01 மைக்ரோஃபாரட் செராமிக் கபாசிட்டர், கால்களை முடிந்தவரை குட்டையாக வெட்டி. பழைய வீட்டுத் தயாரிப்பு லீனியர் சப்ளைகளில் 723 ரெகுலேட்டரின் கால்களுக்கு அருகிலும் இதே கபாசிட்டர் போட்டால் பிடிவாதம் குறையும்.

அறிகுறி: ஹம்

முதலில் காதால் கேட்டு எந்த ஹம் என்று பிரியுங்கள். 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் ஃபுல் வேவ் ரெக்டிஃபையர் (ஏ.சியை டி.சியாக்கும் டயோடு பிரிட்ஜ்) தருவது 100 ஹெர்ட்ஸ். மெயின்ஸ் 60 என்றால் 120. கொஞ்சம் கூர்மையான ரீங்காரமாகக் கேட்கும். அது வந்தால் ஃபில்டர் கபாசிட்டர், அல்லது ரெகுலேட்டருக்கு மூச்சு முட்டுகிறது. அடித்தொண்டையில் உறுமுவது போன்ற 50 வந்தால் இரண்டு சாத்தியம். பிரிட்ஜில் ஒரு டயோடு திறந்துபோய் ஹாஃப் வேவ் ஆகியிருக்கலாம், அல்லது சப்ளைக்குச் சம்பந்தமே இல்லாத கிரவுண்ட் லூப் (இரு கருவிகளின் கிரவுண்டுகள் ஒயர் வழியே வளையமாகச் சேர்வது).

கிரவுண்ட் லூப்பைப் பிடிப்பது எளிது. கம்ப்யூட்டரிலிருந்து ரிக்குக்கு வரும் ஆடியோ ஒயரைப் பிடுங்குங்கள். ஹம் நின்றால் சப்ளையை விட்டுவிடுங்கள். அந்த ஒயரில் 1:1 ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும். பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் ரிக்கைப் பேட்டரிக்கு மாற்றுங்கள். பேட்டரியிலும் ஹம் இருந்தால் அப்போதும் சப்ளை நிரபராதி.

லீனியர் சப்ளையில் கபாசிட்டர் போதுமா என்பதற்கு மனக்கணக்கு ஒன்று. ரிப்பிள் வோல்டேஜ் (டி.சியில் மிஞ்சும் ஏற்ற இறக்கம்) என்பது கரண்ட்டை, ரிப்பிள் ஃப்ரீக்வன்சியாலும் கபாசிட்டர் மதிப்பாலும் வகுத்தால் வருவது. 20 ஆம்பியர், 100 ஹெர்ட்ஸ், 47,000 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 4 வோல்ட். ரெகுலேட்டருக்கு முன்னால் 4 வோல்ட் ஏறி இறங்குகிறது, நல்ல ரெகுலேட்டர் அதை மென்று விழுங்கிவிடும். அந்தக் கபாசிட்டர் வயதாகிப் பாதியாகக் காய்ந்துபோனால் அதே ரிப்பிள் 8 வோல்ட்டுக்கு மேல். பள்ளத்தின் அடி ரெகுலேட்டருக்கு வேண்டிய குறைந்தபட்சத்துக்குக் கீழே போகும், அந்தப் பள்ளம் அப்படியே வெளியே வரும். அதனால்தான் கேட்கும்போது சுத்தமாக இருந்து, அனுப்பும்போது மட்டும் ஹம் வருகிறது. மீட்டரை ஏ.சி ரேஞ்சில் வைத்து லோடோடு டெர்மினலில் அளந்தால் சில மில்லி வோல்ட், மிஞ்சினால் சில பத்து மில்லி வோல்ட்தான் இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் போனால் கபாசிட்டருக்கு விடைகொடுக்கலாம். எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய பாதியாகும். ஹீட் சிங்க் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது முதலில் போகும்.

அறிகுறி: பேண்ட் முழுக்க இரைச்சல்

எஸ்.எம்.பி.எஸ் மேல் எல்லோருக்கும் இருக்கும் கோபம் இது. அதன் இரைச்சலுக்கு ஒரு அடையாளம் உண்டு: டயலைச் சுற்றினால் சீரான இடைவெளியில், பல பத்து கிலோஹெர்ட்ஸுக்கு ஒருமுறை, மொத்தையாக ஒரு உறுமல் வரும். நின்ற இடத்தில் நிற்காது. சூடேற ஏற, லோடு மாற மாற மெல்ல நகரும்.

ஆனால் அது உங்கள் ரிக்கின் சப்ளைதான் என்று முடிவு கட்டாதீர்கள். ரிக்கைப் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் அது உங்கள் வீட்டுக்குள். பிறகு எம்.சி.பிகளை ஒவ்வொன்றாகப் போட்டு எதைப் போடும்போது திரும்புகிறது என்று பாருங்கள். எல்.இ.டி விளக்கின் டிரைவர், லேப்டாப் அடாப்டர், மொபைல் சார்ஜர், சோலார் சார்ஜ் கன்ட்ரோலர் என்று குற்றவாளிகள் வரிசையில் நிற்பார்கள். பாவம், ஹாம்களுக்கென்றே செய்த எஸ்.எம்.பி.எஸ் அந்த வரிசையில் பின்னால்தான் இருக்கும்.

சப்ளையேதான் என்று உறுதியானால் மெயின்ஸ் ஒயருக்கு ஒரு மிக்ஸ் 31 டோராய்டு, டி.சி ஒயருக்கு ஒன்று. ஒயரின்மேல் சொடுக்கி மாட்டும் ஒற்றை ஃபெரைட் மணி எச்.எஃப்பில் அதிகம் செய்யாது; சுற்று எண்ணிக்கைதான் வேலை செய்கிறது. சுற்று இரண்டு மடங்கானால் தடை ஏறத்தாழ நான்கு மடங்கு. சில சப்ளைகளின் முகப்பில் நாய்ஸ் ஆஃப்செட் என்று ஒரு குமிழ் இருக்கும். அது இரைச்சலைக் குறைப்பதில்லை, ஸ்விட்சிங் ஃப்ரீக்வன்சியை நகர்த்தி உறுமலைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். நீங்கள் கேட்கும் ஃப்ரீக்வன்சி சுத்தமானால் அதுவும் போதுமே.

அறிகுறி: உயிரே இல்லை

சாக்கெட்டில் மின்சாரம் இருக்கிறதா, மெயின்ஸ் ஃபியூஸ் இருக்கிறதா. சிரிக்காதீர்கள், நான் இரண்டு முறை இதில் விழுந்திருக்கிறேன். பின்னால் 115/230 தேர்வு சுவிட்ச் இருந்தால் எதில் நிற்கிறது என்று பாருங்கள். 230இல் வைத்து 115 கொடுத்தால் பேசாமல் இருக்கும். 115இல் வைத்து 230 கொடுத்திருந்தால் அதை நீங்கள் ஏற்கெனவே காதால் கேட்டிருப்பீர்கள்.

எஸ்.எம்.பி.எஸ் உயிரில்லாமல் "டிக்... டிக்..." என்று நொடிக்கு ஒருமுறை முனகுகிறதா? கிளம்பப் பார்க்கிறது, வெளியே ஏதோ ஷார்ட் என்று உணர்ந்து நிறுத்துகிறது, மறுபடி முயல்கிறது. டி.சி ஒயர்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். முனகல் நின்று 13.8 வந்தால் ஷார்ட் வெளியே. கழற்றியும் முனகினால் வெளியீட்டுப் பக்க ஷாட்கி டயோடு ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு சாமர்த்தியமான கோளாறு: வருடக்கணக்கில் அணைக்காமல் ஓடிய சப்ளை, ஒருநாள் மின்தடை வந்து போன பிறகு எழுந்திருக்கவே மறுக்கும். ஸ்விட்சிங்கை நடத்தும் பி.டபிள்யூ.எம் ஐ.சிக்குப் பக்கத்தில் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட்டில் ஒரு குட்டிக் கபாசிட்டர் இருக்கும். ஐ.சியை முதல் முறை எழுப்பத் தேவையான சக்தியைச் சேமித்துக் கொடுப்பது அதன் வேலை. அது எப்போதோ காய்ந்துபோயிருக்கும், ஓடிக்கொண்டிருந்த வரை யாருக்கும் தெரியாது. ஹேர் டிரையரால் அதைக் கொஞ்சம் சூடாக்கிவிட்டு, மூடியை மூடி, பவர் கொடுத்துப் பாருங்கள். கிளம்பினால் விடை கிடைத்தது. மாற்றும்போது 105 டிகிரி வகையாகப் போடுங்கள்.

அறிகுறி: ஃபியூஸ் போகிறது

கண்ணாடி ஃபியூஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். கம்பி நடுவில் உருகி, கண்ணாடி தெளிவாக இருந்தால் ஓவர்லோடு. கண்ணாடியின் உள்சுவர் கறுத்து, வெள்ளி பூசினாற்போல் இருந்தால் நேரடி ஷார்ட். புது ஃபியூஸ் போட்டாலும் அதுவும் போகும். பெரிய ஃபியூஸ் போட்டால், ஃபியூஸுக்குப் பதில் வேறொன்று உருகும்.

ரிக்கை ஆன் செய்யாமலே, டி.சி ஒயரைச் செருகியதும் ஃபியூஸ் போகிறது என்றால் யாரோ பிளஸ் மைனஸை மாற்றிச் செருகியிருக்கிறார்கள். ரிக்கின் வாசலில் குறுக்கே ஒரு பாதுகாப்பு டயோடு இருக்கும். தலைகீழாகக் கொடுத்தால் அது தன்னை ஷார்ட்டாக்கி ஃபியூஸை ஊதிவிடும். சில சமயம் அந்தத் தியாகத்தில் டயோடும் போய்ச் சேர்ந்து நிரந்தர ஷார்ட்டாக நிற்கும். டயோடை மாற்றினால் ரிக் பிழைக்கும்.

மெயின்ஸ் ஃபியூஸ் போகும் சப்ளையைச் சோதிக்க, மெயின்ஸ் ஒயரில் தொடராக (சீரிஸில்) ஒரு 100 வாட் குண்டு பல்பைப் போடுங்கள். எல்.இ.டி உதவாது, இழை பல்பு வேண்டும். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் பெரிய ஷார்ட் இல்லை. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட், ஆனால் இனி எதுவும் வெடிக்காது. நிதானமாகத் தேடலாம்.

அறிகுறி: வோல்டேஜ் அதிகம்

16க்கு மேல் பார்த்தால் முதலில் ரிக்கைப் பிடுங்குங்கள், காரணம் அப்புறம். லீனியர் சப்ளையில் 20, 22 வோல்ட் வந்தால் கரண்ட்டைக் கட்டுப்படுத்தி வெளியே விடும் பாஸ் டிரான்சிஸ்டர் ஷார்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ஃபில்டர் கபாசிட்டரின் வோல்டேஜ் தடுப்பே இல்லாமல் வாசலுக்கு வந்துவிட்டது. குரோபார் (வோல்டேஜ் மீறினால் வெளியீட்டை ஷார்ட் செய்யும் பாதுகாப்பு) இருந்தால் அதிலுள்ள எஸ்.சி.ஆர் குறுக்கே பாய்ந்து ஃபியூஸை ஊதி ரிக்கைக் காப்பாற்றியிருக்கும். இல்லாத சப்ளையில் விலையுயர்ந்த ரிக்கை மாட்டுவது என்னைக் கேட்டால் துணிச்சல் அல்ல, சோம்பல்.

நான்கு 2என்3055 பாஸ் டிரான்சிஸ்டர்கள் இணையாக இருக்கும் சப்ளையில் எது போனது என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம். ஒவ்வொன்றின் எமிட்டரிலும் 0.1 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். டெர்மினலில் வோல்டேஜ் அதிகமாக நிற்கும்வரை எந்த லோடையும் மாட்டாமல், பவரை அணைத்து, கபாசிட்டர் வடிந்த பிறகு, ரெசிஸ்டரின் ஒரு காலைத் தூக்கிவிட்டு ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் கலெக்டர்-எமிட்டரையும் ஓம் மீட்டரில் பாருங்கள். பூஜ்யம் காட்டுவது போனது. மாற்றிய பிறகு 20 ஆம்பியர் லோடு போட்டு நான்கு ரெசிஸ்டரிலும் வோல்டேஜ் அளந்தால் ஒவ்வொன்றும் 0.5 வோல்ட் அருகே காட்ட வேண்டும். ஒன்று பூஜ்யமும் மற்ற மூன்று 0.67உம் காட்டினால் ஒருவர் வேலைக்கே வரவில்லை, மற்ற மூவர் அவர் பங்கையும் சுமக்கிறார்கள். அவர்களும் சீக்கிரம் படுப்பார்கள். 2என்3055இன் உலோக உடல்தான் கலெக்டர். மாற்றும்போது அடியில் மைக்காவும் இரு பக்கம் தெர்மல் பேஸ்டும் மறக்க வேண்டாம். மூடியை மூடும் முன் உடலுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே ஷார்ட் இல்லை என்று பார்த்துவிடுங்கள்.

வோல்டேஜ் கொஞ்சம்தான் அதிகம், 14.8, 15 என்று அலைகிறதா? டிரிம்பாட்டில் தூசி, அல்லது சென்ஸ் ஒயர் தளர்ந்திருக்கிறது. தொலைவில் வோல்டேஜை உணரும் சென்ஸ் ஒயர் அறுந்தால் சப்ளை தன் வெளியீடு குறைந்துவிட்டதாக நினைத்து ஏற்றிக்கொண்டே போகும்.

பேட்டரியில் ஓட்டும்போது

லெட்-ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.7 காட்டினால் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம், நலமாக இருக்கிறது என்றல்ல. பி.டி.டி அழுத்தியதும் 11க்குக் கீழே விழுந்து, விட்டதும் 12.6க்குத் துள்ளினால் பிளேட்டுகள் சல்ஃபேட் ஏறிக் களைத்துவிட்டன. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் நேர்மாறு: கடைசி வரை 13 பக்கத்தில் நின்றுவிட்டு, ஒரே அடியாக பி.எம்.எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று) துண்டித்துவிடும், மீட்டர் பூஜ்யம் காட்டும். செல் செத்துவிட்டது என்று பயப்படாமல் சார்ஜரை மாட்டிப் பாருங்கள். இரண்டு வகைக்குமே ஃபியூஸ் பேட்டரி முனைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ரிக் பக்கம் இருக்கும் ஃபியூஸ், நடுவழியில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் வேடிக்கை மட்டும் பார்க்கும்.

சரிசெய்த பிறகு

புதிதாகச் சரிசெய்த சப்ளைக்கு முதல் லோடாக ரிக்கை மாட்டாதீர்கள். 12 வோல்ட், 55 வாட் கார் ஹெட்லைட் பல்பு நான்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் நாலரை, ஐந்து ஆம்பியர். நான்கும் சேர்ந்தால் 20 அருகே வரும். ஒரேயடியாக மாட்டினால் குளிர்ந்த இழை இழுக்கும் கரண்ட்டில் பாதுகாப்பு துண்டித்துவிடும், நல்ல சப்ளையே கெட்டதுபோல் நடிக்கும். ஒன்றைப் போட்டு, எரிய விட்டு, அடுத்ததைப் போடுங்கள். பல்புகள் நன்றாகச் சுடும், மேசை விரிப்பில் வைக்காதீர்கள்.

அரை மணி நேரம் எரியட்டும். வோல்டேஜ் 13.7க்குக் கீழே நழுவாமல் நின்றால் ரிக்கை மாட்டி, டம்மி லோடில் முழு பவர் கொடுத்து, மறுபடி இரு முனையிலும் அளந்து, ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி சப்ளையின் மேல் ஒட்டிவிடுங்கள்: தேதி, லோடு இல்லாமல் இவ்வளவு, 20 ஆம்பியரில் இவ்வளவு, ரிக் முனையில் இவ்வளவு. என் சப்ளையில் கடைசி எண் 13.1. அது 12.8 ஆகும் நாளில் ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பார்ப்பேன்.